லொறி மனிசனின் வலது கை

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஜெர்மன்காரன் ஒரு கடதாசிப் பெட்டிக்குள் மல்லாந்து படுத்திருந்தான். அவனை அனுப்பியவர் என்னுடைய சித்தப்பா. அகதியாகப் போய் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர், ஊருக்குத் திரும்பிய தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்ட சாமான்களோடு அவனும் புங்குடுதீவுக்கு வந்து சேர்ந்தான். அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை வந்திருந்தது. அதைப் போடுவதற்கேற்ற குளிர் எங்கள் தீவில் ஒருநாளும் அடித்ததில்லை என்பதைச் சித்தப்பா இரண்டே வருடத்தில் மறந்துபோனார். ஐயாவுக்கு ஒரு நீளக்கைச் சேட்டு, எல்லோருக்குமாக வாசனைச் சவர்க்காரம் நாலு கட்டி. எனக்கு அவன்.

எனக்கு அப்போது எட்டு வயது. படுக்கவைத்தால் கண்ணை மூடி நிமிர்த்தினால் திறக்கும் பொம்மை ஒன்றுக்காக நான் காத்திருந்தேன். அப்படி ஒன்று எங்கள் வகுப்பில் ஒருத்தியிடம் இருந்தது. அவள் அதைத் தொட விடமாட்டாள், பார்க்க மட்டும் விடுவாள். பெட்டியைத் திறந்தபோது உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு லொறி கிடந்ததைப் பார்த்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொம்பிளைப் பிள்ளைக்கு லொறி அனுப்பியிருக்கிறாரே என்று அம்மாவும் தன் பங்குக்குச் சலித்துக்கொண்டாள். பிறகுதான் பெட்டியின் மூடியில் இருந்த படத்தைக் கவனித்தோம். அதில் லொறிக்குப் பக்கத்தில் அதே மஞ்சளில் ஒரு மனிதன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான். இரண்டும் ஒன்றுதான் என்பது எங்களுக்கு விளங்க அரை நாள் எடுத்தது.

லொறி மனிசன் என்று அவனுக்குப் பெயர் வைத்தேன். இத்தனை வருடம் கழித்து அவனைப் பற்றி நடுநிலையாகச் சொல்லலாமென்று நினைக்கிறேன். பாரமானவன். பாதி இரும்பு, பாதி பிளாஸ்டிக். கையில் எடுத்தால் ஒரு சாமானை எடுத்தோம் என்ற நிறைவு இருந்தது. ஒவ்வொரு மூட்டும் மடங்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே நான் அவனை மடக்கி மடக்கி விரிப்பேன். சீமெந்து நிலத்தில் தள்ளிவிட்டால் குசினி வாசல் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடுவான். முற்றத்து மணலில் ஒரு சாண்கூட ஓடமாட்டான். எங்கள் தீவில் சீமெந்து குறைவு, மணல்தான் கூட. அது செய்தவனுக்கு எப்படித் தெரியும்? மனிசனாக எழும்பி நிற்கும்போதும் அதே சிக்கல்தான். பாதம் சின்னது, தலை பெரியது, கச்சான் காற்று கொஞ்சம் அடித்தாலே முகம் குப்புற விழுவான்.

இன்னொரு குறையும் இருந்தது. லொறியாக இருக்கும்போது அவனைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் மனிசனின் முகம் தெரியும். மனிசனாக நிற்கும்போது தோளிலும் முழங்காலிலும் சில்லுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். முழு லொறியாக இருக்கவும் அவனுக்குத் தெரியவில்லை, முழு மனிசனாக இருக்கவும் தெரியவில்லை. பார்க்க வந்த அயலட்டைப் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கென்னவோ அவனில் பிடித்ததே அதுதான். லொறியைப் புரட்டி, உள்ளே நித்திரை கொள்ளுகிற அந்த முகத்தை யாருக்கும் காட்டாமல் தனியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவனை உருமாற்றுவது சின்னப் பிள்ளையின் வேலையல்ல. முன்கண்ணாடியை மேலே தள்ளவேண்டும், பின்பக்கத்தை இழுத்துக் காலாக்கவேண்டும். அதுவரை சுகம். பிறகு இரண்டு கதவுகளையும் ஒரே நேரத்தில் வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, நெஞ்சுக்குள் இருக்கிற ஒரு சின்ன நாக்கைப் பெருவிரலால் அமத்தவேண்டும். அப்போதுதான் கைகள் வரும். எனக்கு விரல் எட்டாது. ஒரு கதவை முழங்காலுக்குள் இடுக்கி, மற்றதைப் பல்லால் கடித்து, ஒருவாறு செய்வேன். ஐயா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி நான் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். உதவிக்கு வரமாட்டார். அவரால் ஏலாது.

அவனிடம் ஒரு மாயமும் இருந்தது. காலையில் நான் அவனை மனிசனாக அலுமாரியடியில் நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடம் போனால், மத்தியானம் திரும்பி வரும்போது லொறியாக நிற்பான். லொறியாக விட்டுப் போனால் மனிசனாக நிற்பான். முதல் இரண்டு மூன்று தரம் நான் மறந்திருப்பேன் என்று நினைத்தேன். பிறகு அவன் தானாகவே மாறுகிறான் என்று முடிவு செய்தேன். ஜெர்மனியில் செய்த சாமான் என்றால் சும்மாவா? இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மாயம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை.

ஐயாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஆம்பிளைகள் தெற்கே போய்க் கடை நடத்துவார்கள். பெண்டு பிள்ளைகள் தீவிலே இருப்பார்கள். வருடத்தில் இரண்டு தரம், மூன்று தரம் வருவார்கள், பத்து நாள் நிற்பார்கள், போவார்கள். எந்த வீட்டிலும் அப்படித்தான், அதனால் யாரும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. ஐயா என்றால் எனக்கும் வந்து போகிற ஒருவர்தான். பெட்டியும் பழமும் கொண்டுவருவார். நான் வெட்கப்பட்டு அம்மாவின் பின்னால் ஒளிவேன். வெட்கம் தெளிந்து மடியில் ஏறுகிற நாளில் அவர் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு, தெற்கில் தமிழரை அடித்து விரட்டிய அந்த ஆடி மாதத்தில் அவர் பெட்டி இல்லாமல் வந்தார். கப்பலில் வந்து இறங்கிய சனத்தோடு சனமாக, வலது கையில் பெரிய கட்டோடு வந்தார். கடையின் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டும்போது வெளியே நின்ற ஒருவன் வெட்டினான் என்று அம்மா சொன்னாள். அவன் ஒவ்வொருநாளும் காலையில் வந்து பாண் வாங்குகிறவன் என்று அவள் குசினியில் யாருக்கோ இரகசியமாகச் சொன்னதையும் கேட்டேன். ஐயா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கட்டு அவிழ்த்த நாளிலிருந்து அந்தக் கையை ஒரு சால்வைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி டொக்டர், விரல்களுக்கு வேலை கொடுத்தால் மெல்ல மெல்லச் சரிவரும் என்று சொல்லியிருந்தார். அம்மா தினமும் ஒரு தேசிக்காயைக் கொண்டுபோய் ஐயாவின் மடியில் வைத்து, இதைப் பிடித்துப் பிடித்து விடுங்கோ என்பாள். பின்னேரம் போய் அதை எடுத்துவந்து ஊறுகாய்ச் சாடியில் போடுவாள். அவர் அப்படி இருந்த இரண்டு வருடமும் எங்கள் வீட்டில் ஊறுகாய்க்குக் குறைவில்லை.

ஆனால் எனக்கு அந்த இரண்டு வருடமும் கொண்டாட்டம். மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் ஒவ்வொருவராகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். என் ஐயா மட்டும் பகல் முழுக்க வீட்டில் இருந்தார். பள்ளிக்கூடத்தால் வந்து படலையைத் திறந்தால் கதிரையில் அவர் இருப்பார். அதை வெளியில் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் அம்மாவும், வருகிற போகிற எல்லோரும், அவர் எப்போது சுகமாகித் திரும்பிப் போவார் என்பதைத்தான் பேசினார்கள்.

வைகாசி முடிகிற நேரம் மாமா கடிதம் போட்டார். மாமா அம்மாவின் தமையன். அவருக்கும் ஐயாவின் கடைக்கு நாலு கடை தள்ளி அதே பட்டினத்தில் கடை. ஆறு மாதத்திலேயே திரும்பிப் போய்த் திறந்துவிட்டார். நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு வருவதாகவும், போகும்போது இந்த முறை மச்சானையும் கூட்டிக்கொண்டுதான் போவதாகவும் எழுதியிருந்தார். அம்மா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். அடுத்த நாளே யாழ்ப்பாணம் போய் ஒரு வெள்ளிக் கை வாங்கிவந்தாள்.

வெள்ளித் தகட்டில் வெட்டிய சின்னக் கை அது. என்னுடைய சுண்டுவிரல் நீளம் வரும். ஐந்து விரல்களும் நகங்கள்கூடத் தெரிந்தன. கண் வருத்தமென்றால் கண், கால் வருத்தமென்றால் கால், அந்தந்த உறுப்பை வெள்ளியில் வாங்கி அம்மனின் உண்டியலில் போடுவது எங்கள் பக்கத்து நேர்த்தி. அம்மா அதை மஞ்சள் துணியில் முடிந்து சாமிப் படத்துக்குக் கீழே வைத்தாள். நான்தான் அதைப் போடவேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். பிள்ளைகளின் மனதில் கள்ளம் இல்லையாம், அதனால் அம்மன் உடனே கேட்பாளாம்.

அந்தக் கிழமையில்தான் லொறி மனிசனின் கை கழன்றது. கிணற்றடியில் வைத்து அயல் வீட்டுப் பிள்ளைக்கு அவனை உருமாற்றிக் காட்டப்போய், அவசரத்தில் கதவோடு உள்ளே இருந்த கையையும் சேர்த்துப் பலமாகக் கடித்து இழுத்தேன். வலது கை தோளோடு என் வாய்க்குள் வந்துவிட்டது. அதைப் பிடித்துவைத்திருந்த ஊசி போன்ற ஒரு சின்ன ஆணி மணலுக்குள் விழுந்தது. இரண்டு பேரும் இருட்டும்வரை மணலை அரித்தோம். கிடைக்கவில்லை. பல் பட்ட இடத்தில் இரத்தம் கசிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அவனுடைய பெரிய நிறை ஒன்று தெரியவந்தது. லொறியாக மடக்கி வைத்துவிட்டால் கை போனது வெளியில் தெரியாது. கதவு இருக்கிறது, சில்லு இருக்கிறது, குறையை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு முன்போலவே ஓடுகிறான். நான் அவனை லொறியாகவே அலுமாரியடியில் விட்டேன். கழன்ற கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த நாட்களில் அவன் தானாக மாறவும் இல்லை. விட்டது விட்டபடியே நின்றான். என்னில் கோபம் என்று நினைத்தேன்.

திருவிழாவுக்கு அம்மாவும் நானும் போனோம். சனநெரிசலில் கை இடிபடும் என்று ஐயா வரவில்லை. குறிகட்டுவான் துறையில் மோட்டர் வள்ளத்துக்கு நின்ற சனத்தில் பெரியவர்கள் எல்லோரும் முதலில் கடற்படைப் படகு ஏதும் தெரிகிறதா என்று தூரத்தைப் பார்த்தார்கள். பிறகுதான் ஏறினார்கள். அன்று கடல் அசையவே இல்லை. வெய்யிலில் தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளையாகி, வள்ளம் எதற்கு மேலே போகிறதென்று தெரியவில்லை. இயந்திரத்தின் சத்தம் காதை நிறைத்து, பிறகு அதுவும் கேட்காமல் போனது. அம்மாவின் மடியில் சாய்ந்தபடி நான் ஓரத்தால் கையைத் தொங்கவிட்டேன். தண்ணீர் விரல்களுக்கிடையால் போனது. தூரத்தில் கோபுரம் கரையைத் தொடாமல் நின்றது. நாங்கள் போகப் போக அது எங்களை விட்டுப் பின்னால் நகருவதாகத் தோன்றியது. என் ஒரு கைக்குள் மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. மற்றக் கை நனைந்து உலர்ந்து, சட்டைப் பைக்குள் இருந்த பிளாஸ்டிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கோயிலுக்குள் கற்பூரப் புகையும் தவில் சத்தமும் வேர்வையும் ஒன்றாய்க் கலந்து எனக்குத் தலையைச் சுற்றியது. அம்மா என்னைச் சனத்துக்குள்ளால் இழுத்துக்கொண்டு உண்டியலடிக்குப் போனாள். முடிச்சை அவிழ்த்து வெள்ளிக் கையை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஐயாவின்ரை கைக்கு எண்டு நினைச்சுக்கொண்டு போடு, பிள்ளை. வேறை ஒண்டையும் நினைக்காதை."

வேறு ஒன்றையும் நினைக்காதே என்று சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவேளை நான் நினைத்திருக்கமாட்டேன். உண்டியலின் வாயில் கையை வைத்தபோது எனக்குள்ளே ஐயாவின் கை வரவில்லை. சால்வைதான் வந்தது. சால்வைக்குள் கை எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியாது. பெட்டியோடு படலையைத் தாண்டிப் போகும் ஐயாவின் முதுகு வந்தது. அதற்குப் பிறகு, ஒவ்வொரு விரலும் தெளிவாக, லொறி மனிசனின் மஞ்சள் கை வந்து நின்றது. அம்மாளே, இந்தக் கைக்கு, என்று நினைத்தேன். வெள்ளிக் கை உள்ளே விழுந்து சத்தம் கேட்டது. அதன் பிறகு எடுக்க வழியில்லை. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள், கண்ணீர் கன்னத்தால் வழிந்தது.

வீடு வந்து சேர்ந்த அன்றே காய்ச்சல். வெய்யில் காய்ச்சல் என்றாள் அம்மா. அம்மனின் கோபம் என்று எனக்குத் தெரியும். கழன்ற கையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் லொறியோடு வைத்துவிட்டுக் கிடந்தேன். அறைக்குள் பகலும் இரவும் கலந்து போய்க்கொண்டிருந்தன. கட்டில் வள்ளம் போல மெல்ல ஆடியது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஒரு மத்தியானம். கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருக்கிறதென்று அம்மா போயிருந்தாள். வீடு சத்தமில்லாமல் கிடந்தது. நான் கண்ணைப் பாதி திறந்தபோது, யன்னலால் விழுந்த வெய்யிலுக்குள் லொறி மனிசன் மிதந்துகொண்டிருந்தான். அவனைச் சுற்றி இரண்டு கைகள். யன்னல் வெளிச்சத்தில் கண் கூசியதால் கைகளுக்குப் பின்னால் என்ன இருந்ததென்று தெரியவில்லை. ஒரு கை அவனைப் பிடித்திருந்தது. மற்றக் கை ஒரு மெல்லிய கம்பித்துண்டை அவனுடைய தோளுக்குள் செருகப் பார்த்தது. விரல்கள் நடுங்கின. கம்பி விழுந்தது. விரல்கள் போர்வையில் தடவித் தேடி, நகத்தால் கிள்ளி எடுத்து, திரும்பவும் செருகின. திரும்பவும் விழுந்தது. எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது. அம்மனின் கை ஏன் இப்படி நடுங்குகிறது என்று யோசித்தேன். அத்தனை சனத்துக்கும் வரம் கொடுத்த களைப்பாக இருக்கும். நடுங்கிய கையில், பெருவிரலடியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெள்ளையாக ஒரு தழும்பு ஓடியது. அம்மனுக்கும் எங்கேயோ வெட்டுப்பட்டிருக்கிறது என்று நினைத்தேன்.

கடைசியில் கம்பி உள்ளே போனது. விரல்கள் அதன் இரண்டு நுனிகளையும் மடக்கிவிட்டன. பிறகு அவனை மெல்ல உருமாற்றிப் பார்த்தன. கண்ணாடி, கால், இரண்டு கதவுகள், நெஞ்சுக்குள் இருந்த நாக்கு. டிக், டிக், டிக். பல்லும் முழங்காலும் இல்லாமல், ஒரு அவசரமும் இல்லாமல், லொறி மனிசன் எழுந்து இரண்டு கைகளையும் விரித்தான். அப்படி ஒரு அழகை நான் அதற்கு முன் கண்டதில்லை. கண் தானாக மூடிக்கொண்டது. எழும்பியபோது அவன் தலையணைக்குப் பக்கத்தில் இரு கையோடும் நின்றான், காய்ச்சல் விட்டிருந்தது, கட்டிலுக்குப் பக்கத்தில் ஐயா சால்வையை மடியில் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார்.

அந்தக் கைகள் யாருடையவை என்று வாசிக்கிற உங்களுக்கு விளங்கியிருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரங்களில் அலுமாரியடியில் நடந்த மாயமும் விளங்கியிருக்கும். எனக்கு எல்லாம் விளங்குவதற்குப் பல வருடம் எடுத்தது. அன்றைக்கு நான் கண்டது ஒன்றுதான்: அம்மன் கேட்டதைத் தந்துவிட்டாள். கொடுத்தது ஒரு வெள்ளிக் கை, கிடைத்தது ஒரு மஞ்சள் கை. ஐயாவுக்குப் போகவேண்டியது அது. சந்தோசப்பட வேண்டிய நான் அழுதேன். காய்ச்சல் பலவீனம் என்று அம்மா கஞ்சி காய்ச்சினாள்.

இரண்டு நாள் கழித்து, திருவிழா முடிகிற நேரம், மாமா வந்தார். கலகலப்பான மனிதர். வந்தவுடன் என் கன்னத்தைக் கிள்ளி, லொறி மனிசனைப் பார்த்துச் சிரித்து, தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு கதிரையை ஐயாவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார். எல்லாம் அடங்கிவிட்டது, சனம் திரும்பி வந்துகொண்டிருக்கிறது, கடைக் கட்டடம் அப்படியே நிற்கிறது, வெள்ளை அடித்தால் போதும், என்று அடுக்கிக்கொண்டு போனார். பழைய வாடிக்கைக்காரர்கள் ஐயாவை விசாரிப்பதாகவும் சொன்னார். அந்த இடத்தில் ஐயா தலையைத் திருப்பி முற்றத்தைப் பார்த்தார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். எனக்குப் பக்கத்தில் அம்மா மூச்சுவிடாமல் நின்றாள்.

"நீர் இன்னும் எத்தினை நாளைக்கு இப்பிடி இருக்கப்போறீர், மச்சான்?" என்றார் மாமா. "எங்கை, என்ரை கையை ஒருக்கா இறுக்கிப் பிடியும் பாப்பம்."

ஐயா சால்வையை விலக்காமல் கையை மட்டும் கொஞ்சம் வெளியே எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மட்டுந்தான் தெரிந்தன. அவை வைத்தபடியே கிடந்தன.

"இறுக்கும்."

"இறுக்கித்தான் இருக்கிறன்" என்றார் ஐயா.

மாமா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்திருந்தார். அவருடைய கலகலப்பெல்லாம் போய்விட்டது. பிறகு அதை எடுத்த இடத்திலேயே மெல்ல வைத்து, சால்வையை இழுத்துவிட்டார். அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

எங்கள் பக்கத்து ஆம்பிளை ஒருவர் கை ஏலாது என்று சொல்லலாம், கால் ஏலாது என்று சொல்லலாம். பயமாக இருக்கிறது, அந்தத் தெருவில் இனி என்னால் நடக்க ஏலாது, என்று சொல்லும் வழக்கம் இருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும்போது ஐயாவிடம் சொல்லுவதற்கு மிஞ்சியிருந்தது அந்தக் கை ஒன்றுதான். இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குத் தெரிந்ததெல்லாம், ஐயாவின் விரல்கள் அசையவில்லை, அதற்குக் காரணம் நான், என்பது மட்டுமே.

மாமா மத்தியான பஸ்ஸில் தனியாகப் போனார். அம்மா படலை வரைக்கும் போய்விட்டு வந்து அறைக்குள் படுத்துவிட்டாள். விறாந்தையில் ஐயா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். நான் லொறி மனிசனைத் தூக்கிக்கொண்டு அவருடைய காலடியில் போய் இருந்தேன்.

"ஐயா, நான் ஒரு களவு செய்துபோட்டன்."

அவர் கண்ணைத் திறந்தார். "என்ன களவு?"

"வெள்ளிக் கை போடேக்கை நான் ஐயாவை நினைக்கேல்லை. இவனை நினைச்சுப்போட்டன். உங்களுக்குச் சுகமானா நீங்கள் போயிடுவியள் எண்டும் நினைச்சனான்." இதைச் சொன்னவுடன் எனக்கு அழுகை உடைந்துவிட்டது. "அம்மன் வந்து இவன்ரை கையைப் பூட்டிவிட்டுட்டா. உங்களுக்குத் தரேல்லை."

ஐயா நிமிர்ந்து இருந்தார். லொறி மனிசனை என்னிடமிருந்து இடது கையால் வாங்கி, தோளில் இருந்த கம்பியைப் பார்த்தார்.

"அம்மன் வந்ததைக் கண்டனியோ?"

"கையைக் கண்டனான். ரண்டு கையும். ஒண்டிலை ஒரு தழும்பு இருந்தது."

முற்றத்தில் ஒரு காகம் வந்து இருந்துவிட்டுப் போனது. அவர் என்னைப் பார்த்தார், அறைக் கதவைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லத் தொடங்கி வாயை மூடிக்கொண்டார்.

"இதை அம்மாட்டைச் சொன்னனியோ?"

"இல்லை. அடிப்பா."

"சொல்லாதை, பிள்ளை" என்றார் மிக மெல்ல. "ஒருத்தருக்கும் சொல்லாதை."

இடது கையால் என் தலையைத் தடவினார். அம்மாவின் அடியிலிருந்து என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று எனக்கு அவரில் அன்பு பெருகியது. இவ்வளவு பெரிய துரோகம் செய்தவளைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறாரே என்று நினைத்தேன். அந்த இரகசியத்தை நான் காப்பாற்றினேன். அடுத்த மாரிக்குப் பிறகு, யாரும் அவரைக் கூப்பிடாத காலத்தில், ஐயாவின் கை கொஞ்சம் கொஞ்சமாகச் சுகமாகத் தொடங்கியது. அம்மா அம்மனுக்குப் பொங்கினாள். ஐயா தோட்டம் செய்தார். தெற்கே போகவே இல்லை.

ஆனால் மாமா போன அன்று அதெல்லாம் வெகு தூரத்தில் இருந்தது. பொழுதுபட்டதும் அம்மா எழும்பி முகம் கழுவிப் பிட்டு அவித்தாள். மூன்று பேரும் சாப்பிட இருந்தோம். ஐயாவின் கோப்பைக்குப் பக்கத்தில் அம்மா கரண்டியை வைத்தாள். அவர் அதை இடது கையால் எடுத்தார். குழம்பு மீனின் ஒரு துண்டைப் பிட்டோடு எடுக்கப் பார்த்தார், அது நழுவி நிலத்தில் விழுந்தது. அம்மா அதை எடுத்து ஒதுக்கிவிட்டு, வேறு துண்டொன்றை முள் நீக்கி, சின்னப் பிள்ளைக்குப் போல உதிர்த்து அவருடைய கோப்பைக்குள் போட்டாள். வலது கை சால்வைக்குள் கிடந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, கண்ணீர் கோப்பைக்குள் விழ விழப் பிட்டைக் குழைத்தேன். கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது ஐயா சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அம்மா இன்றைக்குக் குழம்புக்கு மிளகாய்த்தூள் கூடப் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.